உள்ளங்கைத் தோல்வரிகள்: மரபுரிமையும் இருகை ஒப்புமையும்

சோதிடர் பார்க்கும் ஆயுள் ரேகை முதலியவை கை மடங்கும் இடங்களில் விழும் மடிப்புகளே. மரபியல் ஆய்வுக்கு உரியவை அம்மடிப்புகளுக்கு இடையே உழுசால்போல நெருங்கி ஓடும் நுண்ணிய தோல்வரிகள். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல், ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் சாலைச் சரக்குக்கான ஒப்பந்தத்தில் வாங்கியது முழு உள்ளங்கைப் பதிவு. எனினும் பின்வந்த காவல்துறைப் பணி பெரும்பாலும் விரல் நுனியிலேயே நின்றுவிட்டது. ஆளை அடையாளம் காண ஒருவர் வரி மற்றவரோடு ஒவ்வாதிருப்பதே வேண்டும். மரபை அறிய வேண்டுவதோ, உறவினர் வரிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு.

கருவின் 6, 7ஆம் வாரங்களில் விரல் நுனிகளிலும் விரல்களின் அடியிலும் சிறு மேடுகள் எழுகின்றன. 10ஆம் வாரத்தை ஒட்டி வரிகள் தோன்றத் தொடங்கி, கருக்காலத்தின் நடுப்பகுதிக்குள் அமைப்பு நிலைபெற்றுவிடுகிறது. மேடு உயர்ந்திருக்கும்போதே வரிகள் வந்தால் சுழியும், தணிந்தபின் வந்தால் வில்வளைவும் அமைய வாய்ப்பு மிகுதி. மேட்டின் அளவையும் தணியும் காலத்தையும் பல மரபணுக்கள் சேர்ந்து ஆள்கின்றன; ஒவ்வொரு வரியும் எங்கே கிளைக்கும், எங்கே முடியும் என்பதை அவை எழுதிவைப்பதில்லை. பத்து விரல்களின் மொத்த வரி எண்ணிக்கையை லண்டனில் ஆய்ந்த சாரா ஹோல்ட், ஒருகரு இரட்டையரிடையே 0.95, இருகரு இரட்டையரிடையே 0.49, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் 0.48 என்ற ஒட்டுறவுக் கெழுக்களைக் கண்டார். கணவன் மனைவிக்கிடையே அது 0.05 மட்டுமே. மரபணுக்களின் விளைவு வெறும் கூட்டலாக அமையும் பண்புக்கு எதிர்பார்க்கத்தக்க எண்களுக்கு இவை மிக அருகில் நிற்கின்றன.

ஒருவரின் வலக்கையும் இடக்கையும் ஒரே மரபணுக்களோடு ஒரே கருப்பையில் ஒரே நாட்களில் வளர்ந்தவை. ஆகவே அவற்றிடையே காணும் வேறுபாடு மரபணு வேறுபாடாக இருக்க இயலாது. அவ்வேறுபாடு இருவகைப்படும். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடைப்பட்ட பகுதியின் வடிவங்கள் இடக்கையிலும், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடைப்பட்டவை வலக்கையிலும் மிகுந்து காணப்படுவது, கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் சாயும் வகை. வலக்கையால் உழைப்பதன் விளைவு இது என்று கொள்ள இடமில்லை. பிறப்பதற்கு முன்பே அமைப்பு முடிந்துவிடுகிறது. மற்றது, ஆளுக்கு ஆள் பக்கம் மாறும் அலைவு. வளர்ச்சியின் தற்செயலை நேராகக் காட்டுவது இதுவே. நாடி சோதிடத்தில் ஆணுக்கு வலக்கைப் பெருவிரலும் பெண்ணுக்கு இடக்கைப் பெருவிரலும் பதிப்பது வழக்கம். அவ்வாறு ஒரு கையை மட்டும் கொள்ளும் ஆய்வு, மரபுரிமையை அளக்க வேண்டிய அடிக்கோட்டையே இழந்துவிடுகிறது.

லண்டனில் கிட்டாத ஒரு சோதனைக்களம் தமிழ்நாட்டில் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கு மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் இரத்த உறவிலேயே மணமுடித்தவர்கள். அக்காள் மகளை மணந்த தாய்மாமனுக்கும் அவன் மனைவிக்கும் வரி எண்ணிக்கையில் 0.25 அளவு ஒட்டுறவு எதிர்பார்க்கத்தக்கது. கூட்டல் மரபு உண்மையானால், தந்தை–பிள்ளை ஒட்டுறவு 0.5இலிருந்து ஏறத்தாழ 0.59ஆக உயர வேண்டும், அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தோரிடம் 0.55ஐ ஒட்டி நிற்க வேண்டும், சராசரி எண்ணிக்கையோ உறவில் மணக்காதோர் உட்பட மூன்று பிரிவிலும் மாறக்கூடாது. உறவுமணம் வளர்ச்சியின் உறுதியைக் குறைக்கிறது என்ற கருத்து சரியென்றால், அந்த இழப்பு சராசரியில் அன்றி, இருகை அலைவின் பெருக்கத்தில் வெளிப்பட வேண்டும். ஆகவே மரபுரிமையையும் சமச்சீரையும் தனித்தனி ஆய்வுகளாகப் பிரிப்பது பிழையாகும்.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. பழைய ஊர்க் குடும்பங்களும் புதிதாகக் குடியேறியோரும் கலந்து வாழும் இரும்புலியூர், தாம்பரம் போன்ற புறநகர்களில் மையும் தாளுமே போதும். உள்ளங்கைக் குழி தட்டையான தாளில் பதியாது என்பதால், தாளை உருளையொன்றில் சுற்றி அதன்மேல் கையை உருட்டிப் பதிக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் அடியிலும் நடுவிரலின் அடியிலும் மூன்று திசை வரிகள் கூடும் முக்கதிர்ப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, அப்புள்ளிகளை விடுத்து, கோடு வெட்டும் வரிகளை எண்ணுவது வழக்கமான அளவை. எண்ணுபவர், எது யாருடைய கை என்பதை அறியாமல் ஒவ்வொரு பதிவையும் இருமுறை எண்ண வேண்டும். எண்ணும் பிழையும் இருகை வேறுபாட்டுக்குள் புகுந்துகொள்ளுமாதலால், அதைத் தனியே கழித்த பிறகே அலைவைக் கணக்கிட இயலும்.