திறப்பவரும் திறப்பிப்பவரும்: அமெரிக்க ரயில்வே திறப்புப் பாலங்களில் தொலை இயக்கத்தின் வரலாறு

கப்பல் போகும் ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டப்பட்ட ரயில் பாலம் இரண்டு வழிகளுக்கும் ஒரே நேரத்தில் இடம் தர முடியாது. ரயிலுக்கு மூடியிருந்தால் படகுக்கு அடைப்பு. படகுக்குத் திறந்திருந்தால் தண்டவாளம் நடுவில் அறுந்து நிற்கும். அமெரிக்காவில் இந்தப் பிணக்கைத் தீர்க்க முதலில் அமர்த்தப்பட்டவர், பாலத்தின் மேலேயே ஒரு சிறு அறையில் இருந்த பாலக் காவலர். படகின் ஊதலைக் கேட்பது, ஆற்றின் இரு பக்கமும் பார்ப்பது, பூட்டை எடுத்துப் பாலத்தை நகர்த்துவது, மூடிய பின் தண்டவாள முனைகள் பொருந்தினவா என்று குனிந்து பார்ப்பது, ரயிலுக்கு வழிவிடுவது என ஐந்து வேலைகளும் ஓர் ஆளிடம் இருந்தன. தொலை இயக்கத்தின் வரலாறு, இந்த ஐந்தும் அந்த அறையை விட்டு ஒவ்வொன்றாக வெளியேறிய வரலாறு. அவை ஒரே காலத்தில் வெளியேறவில்லை. ஒரே இடத்துக்குப் போய்ச் சேரவும் இல்லை.

தொடக்கக் காலத்து விபத்துகள் இரண்டு, இரு தரப்பின் குறையையும் காட்டுகின்றன. 1853 மே 6 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நார்வாக்கில், நீராவிக் கப்பலுக்காகத் திறந்துவைத்த பாலத்துக்குள் பயணிகள் ரயில் பாய்ந்து 46 பேர் இறந்தனர். அங்கே கம்பத்தில் ஏற்றி இறக்கப்படும் சிவப்புப் பந்துதான் சிக்னல். பாலத்தில் இருந்தவருக்குத் தெரிந்த செய்தி ரயில் ஓட்டுநரைப் போய்ச் சேரவில்லை. சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1856 மே 6 அன்று, மிசிசிப்பி ஆற்றின் முதல் ரயில் பாலமான ராக் ஐலண்ட் பாலத்தில் எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு மோதி எரிந்தது. பாலத்துக்கு வயது அப்போது இரண்டு வாரம். படகுக்காரர்கள் தொடுத்த வழக்கில் பாலக் கம்பெனிக்காக வாதாடியவர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். 1857-இல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராமலே கலைந்தனர். ஆற்றில் படகுக்கு உள்ள உரிமையையும் அதைக் கடக்க ரயிலுக்கு உள்ள உரிமையையும் எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி, இதற்குப் பின் மெல்ல நாடாளுமன்றச் சட்டங்களுக்குள் போனது.

அச்சட்டங்களில் ஒரு சொல்வேறுபாடு இதுவரை பெற்ற கவனத்தைவிட அதிகம் பெறத் தக்கது. 1894 ஆகஸ்ட் 18-ஆம் நாளைய ஆறுகள், துறைமுகங்கள் சட்டத்தின் பிரிவு, பாலத்தைத் திறக்கும் கடமையை மூவர் மேல் சுமத்துகிறது: பாலத்தை உடையவர், இயக்குபவர், காத்து நிற்பவர். அவர்கள் பாலத்தைத் திறக்க வேண்டும், ‘அல்லது திறக்கச் செய்ய வேண்டும்’. 1906 மார்ச் 23-ஆம் நாளைய பொதுப் பாலச் சட்டம் அதே கடமையைத் திரும்பச் சொல்லும்போது இருவரை மட்டுமே குறிக்கிறது: உடையவர் அல்லது இயக்குபவர். காத்து நிற்பவர் அங்கே இல்லை. பாலம் தக்க சமிக்ஞை கிடைத்ததும் தாமதமின்றித் திறக்கப்பட வேண்டும் என்பதே அதன் அழுத்தம்.

இந்த விடுபாட்டுக்கு எவ்வளவு எடை தரலாம்? சட்ட வரைவாளர் சுருக்கி எழுதியதால் நேர்ந்தது என்று ஒதுக்கிவிடலாம். 1906-க்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்குப் பாலக் காவலர்கள் பாலங்களின் மேலேயே இருந்தனர் என்பது அதற்கு வலுவான ஆதாரம். 1894-ஆம் ஆண்டுப் பிரிவும் நீக்கப்படாமல் தொடர்ந்து நடப்பில் இருந்தது. ஆனால் அந்தப் பழைய பிரிவிலேயே கதவு திறந்துதான் இருக்கிறது. ‘திறக்க’ என்பது தன்வினை. ‘திறக்கச் செய்ய’ என்பது பிறவினை. கோயில் கல்வெட்டுகளில் ‘எடுப்பித்த’ என்று வரும் இடத்தில் அரசன் பெயர் நிற்கும், கல் சுமந்தவன் பெயர் நிற்காது. பிறவினை எப்போதும் கையைக் கண்ணுக்கு மறைத்துப் பொறுப்பை மட்டும் மேலே நிறுத்துகிறது. அமெரிக்கச் சட்டத்தின் பிறவினையும் அதையே செய்தது. திறக்கும் ஆள் எங்கே இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. திறந்தாக வேண்டும் என்று மட்டும் சொன்னது. கம்பியும் வானொலியும் வந்தபோது, ஆள் பாலத்தை விட்டுப் போவதற்கு இந்தக் கடமைப் பிரிவைத் திருத்த வேண்டிய தேவையே எழவில்லை. வரைவாளர் இதையெல்லாம் முன்கூட்டியே நினைத்தார் என்று வாதிட முடியாது. அவர் நினைக்காமலே விட்ட இடம் பின்வந்தவர்களுக்குப் பயன்பட்டது என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

ரயில் பக்கத்தில் நடந்தது வேறு. அங்கே முதலில் வெளியேறியது, குனிந்து பார்க்கும் வேலை. பாலம் பூட்டாமல் சிக்னல் விழாது, சிக்னல் விழுந்திருக்கப் பூட்டு எடுபடாது என்ற இன்டர்லாக்கிங் ஏற்பாடு, காவலரின் கண் செய்ததை இரும்புக் கம்பிகளிடமும் பின்னர் மின்சுற்றுகளிடமும் ஒப்படைத்தது. இன்றைய மத்திய ரயில்வே விதி இதை அளவாகவே சொல்கிறது. பூட்டும் உறுப்புகள் தமக்குரிய இடத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நகரும் பகுதியின் தண்டவாளம், நிலைத்த பகுதியோடு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குக்குள் மட்டமும் நேரும் பொருந்த வேண்டும். அதன் பிறகே சிக்னல் ‘போகலாம்’ என்று காட்டலாம். எட்டில் மூன்று அங்குலம் ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர், ஒரு சுண்டுவிரலின் அகலத்துக்கும் குறைவு. விடியற்காலைப் பனியில் கைவிளக்கோடு நின்று மனிதக் கண் இதை உறுதியாகச் சொல்வது கடினம். இந்த ஒரு வேலையில் கருவி மனிதனை வென்றது உண்மை.

சிக்னல் மட்டுமே போதாது என்பதை 1958 செப்டம்பர் 15 காட்டியது. நியூஜெர்சியின் நியூவார்க் வளைகுடாவில் சிக்னல் நிறுத்தம் காட்டியும் பயணிகள் ரயில் தூக்கியிருந்த பாலத்தைத் தாண்டி நீரில் விழுந்தது. 48 பேர் இறந்தனர். சுற்று எதை அளக்கிறது என்பதும் முக்கியம். 1993 செப்டம்பர் 22 அதிகாலையில் அலபாமாவின் பிக் பயூ கேனட் பாலத்தில், மூடுபனியில் வழி தவறிய மாவில்லா என்ற தள்ளுபடகின் சரக்குத் தட்டைப் படகுகள் மோதி, கர்டர் ஏறக்குறைய மூன்றடி விலகியது. தண்டவாளம் வளைந்ததே தவிர அறவில்லை. அதனால் மின்சுற்று முறியவில்லை, சிக்னல் பச்சையாகவே இருந்தது. சில நிமிடங்களில் வந்த சன்செட் லிமிடெட் ரயிலில் 47 பேர் இறந்தனர். அந்தப் பகுதி சுழல் பாலமாக்கத் தக்கபடி வடிவமைக்கப்பட்டு, ஒருபோதும் அப்படி இயக்கப்படாதது. பாலப் பூட்டுகளுக்குரிய இன்டர்லாக்கிங் அங்கே இல்லை. ஆகவே தொலை இயக்கம் பற்றி அது நேர்ச் சான்றாகாது. தண்டவாளம் தொடர்ந்திருப்பது வேறு, நேராக இருப்பது வேறு என்பதற்கு மட்டும் அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இயக்கும் இடம் மாறுவதற்கு முன், சில பாலங்களின் இயல்பு நிலையே தலைகீழானது. இந்தப் படியைப் பொறியியல் வரலாறுகள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. காவலர் இருந்த காலத்தில் ரயில் நெருக்கமான தடங்களில் பாலம் மூடியே இருக்கும். படகு ஒரு நெடும் ஊதலும் ஒரு குறும் ஊதலும் எழுப்பிக் கேட்டால் திறக்கும். ரயில் குறைந்த தடங்களில் இது மாறியது. பாலம் திறந்தே கிடக்கும். ரயில் வரும்போது மட்டும் மூடும். இந்த மாற்றம் நடந்த இடத்தில், ஊதலைக் கேட்கும் காது தேவையற்றுப் போனது. எப்போது வரும் என்று தெரியாத படகுக்காக ஆள் காத்திருப்பதுதான் செலவு. வருவது முன்பே தெரிந்த ரயிலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வானொலியும் கேமராவும் தொலை இயக்கத்தைப் பெற்றெடுத்தன என்பதைவிட, இந்தத் தலைகீழாக்கம் விட்டுச் சென்ற வெற்றிடத்தை அவை நிரப்பின என்று கொள்வதே பொருத்தம்.

1967 ஏப்ரலில் பாலங்களின் அதிகாரம் ராணுவத்திடமிருந்து கடலோரக் காவல் படைக்கு மாறியது. அப்படையின் விதித் தொகுப்பில், உரிமையாளர் எழுத்துமூலம் கேட்டால் மாவட்டத் தளபதி தானியங்கி அல்லது தொலை இயக்கத்துக்கு அனுமதிக்கலாம் என்றும், அனுமதித்தால் அந்தப் பாலத்தின் முழு இயக்க முறையும் விதியில் சேர்க்கப்படும் என்றும் உள்ளது. ஆகவே ‘தொலை இயக்கம் தொடங்கிய ஆண்டு’ என்று நாட்டுக்கு ஒன்றைக் குறிப்பது வீண் முயற்சி. அது பாலத்துக்குப் பாலம், ஆற்றுக்கு ஆறு தனியாக எழுதப்பட்டது.

அப்படி எழுதப்பட்டவற்றுள் ஒன்று நியூஜெர்சியின் பால்ஸ்பரோவில் மான்டுவா சிற்றாற்றின் மேல் இருந்த கான்ரெய்ல் சுழல் பாலம். மார்ச் 1 முதல் நவம்பர் 30 வரை அது படகுகளுக்காகத் திறந்தே இருக்க வேண்டும், ரயிலுக்காக மூட வேண்டும் என்பது அன்றைய விதி. ரயில் ஊழியர் வானொலிக் கருவியில் குறியீட்டை அழுத்தினால் பாலம் நகரும். 2012 நவம்பர் 30 காலை ஏழு மணியை ஒட்டி, அந்தப் பருவத்தின் கடைசி நாளில், சரக்கு ரயில் ஒன்று வந்தபோது பாலம் மூடியிருந்தது, சிக்னல் சிவப்பு. குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பியும் அது மாறவில்லை. கண்டக்டர் இறங்கி நடந்து பார்த்து, பாலம் பூட்டியிருப்பதாகத் தெரிவித்தார். தொலைவிலிருந்த கட்டுப்பாட்டாளர் சிவப்பைத் தாண்டிப் போக அனுமதித்தார். ரயிலின் பாரத்தில் பாலம் திரும்பியது. ஏழு வாகன்கள் தடம்புரள, உடைந்த ஒரு டேங்கரிலிருந்து ஏறக்குறைய 20,000 கேலன் வினைல் குளோரைடு ஊர்க் காற்றில் கலந்தது.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-இல் அளித்த அறிக்கைதான் இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வாசிப்பு. தண்டவாளத்தின் நகர்பூட்டுகள் முழுமையாக விழாத நிலையில் சிவப்பைத் தாண்ட அனுமதித்ததே காரணம் என்கிறது அது. பூட்டமைப்பைச் சோதிக்க ஊழியரைத் தயார்ப்படுத்தாத பயிற்சியைத் துணைக் காரணமாகச் சேர்க்கிறது. விபத்தின் இயந்திரக் காரணத்தில் அதோடு முரண்பட ஒன்றுமில்லை. பயிற்சி பற்றிய பகுதியில்தான் சிக்கல். பார்ப்பது ஒரு திறமை, அது குறைந்திருந்தது, பயிற்சியால் மீட்கலாம் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. வரலாற்றை அப்படி வாசிக்க இயலாது.

பழைய பாலக் காவலரின் பார்வைக்கு வலு தந்தது பயிற்சி மட்டுமல்ல. அவர் அதே பூட்டை நேற்றும் பார்த்தவர், முந்தின நாளும் பார்த்தவர். வெயிலில் கர்டர் நீளும்போது நகர்பூட்டு எங்கே முட்டும், எந்த நாளில் எண்ணெய் கேட்கும் என்பதெல்லாம் ஒப்பிட்டு அறிபவருக்குத்தான் தெரியும். அன்று காலை இறங்கி நடந்த கண்டக்டர், வழியில் வந்து நின்ற ரயிலின் ஆள். எவ்வளவு பயிற்சி தந்தாலும், நேற்றைய நிலையோடு ஒப்பிடும் வாய்ப்பை அவருக்குத் தர முடியாது. இந்த வாதத்துக்கு எழுத்துச் சான்று குறைவு என்பது மெய்தான். காவலர்களின் பழக்க அறிவு பதிவேடுகளில் ஏறுவதில்லை. பாலத்தில் ஆள் இருந்த காலத்திலும் விபத்துகள் நடந்தன என்ற மறுப்பும் ஏற்கத் தக்கதே. ஆனால் நார்வாக்கில் தவறியது செய்தி போய்ச் சேர்ந்த விதம். பால்ஸ்பரோவில் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தது, அதை யாரும் நம்பவில்லை. அந்தச் சிவப்பு உண்மை சொன்னது. முந்தைய வாரங்களில் அதே பாலத்தில் கோளாறு அறிக்கைகள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. உண்மையான சிவப்புக்கும் பழுதான சிவப்புக்கும் வேறுபாடு காணும் ஆள் அங்கே இல்லை. ஓர் அங்குலக் கணக்கில் கருவி ‘இல்லை’ என்றதை, கருவியைவிட மங்கலான கண்ணைக் கொண்டு ‘ஆம்’ என்று திருத்த நடைமுறை இடம் தந்தது.

அந்தப் பாலத்துக்கான ஆற்று விதி இந்தச் சாய்வை இன்னும் தெளிவாக்குகிறது. பாலத்தை மூடுமுன் அங்கே இருக்கும் ஊழியர் நீர்வழியைக் கண்ணால் பார்த்து, படகு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்றது அது. ஆற்றைப் பார்க்கும் கண்ணை விதி காப்பாற்றி வைத்திருந்தது. பூட்டைப் பார்க்கும் கண்ணை மின்சுற்றிடம் விட்டுவிட்டு, சுற்று மறுக்கும்போது மட்டும் வழிப்போக்கரை அழைத்தது. ஐந்து வேலைகளும் ஐந்து திசையில் போனதன் விளைவு இது. வாரிய அறிக்கையின் பயிற்சி பற்றிய பகுதி, பூட்டைப் பார்க்கும் கண் போன திசையை மட்டும் பின்தொடர்ந்து சென்றதால் மற்றவை அதன் பார்வையில் விழவில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே, அமெரிக்க வடிவமைப்பையே கொண்ட பாம்பன் பாலத்தில் இந்த வேலைகள் வேறு வரிசையில் பிரிந்தன. 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், சிகாகோவில் உருவான ஷெர்சர் முறைத் தூக்குப்பாலத்தைக் கடைசிவரை ஆட்கள் கையால் நெம்பித்தான் தூக்கினார்கள். ஆனால் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் தானே சிவப்பாகும் ஏற்பாடு அதே பாலத்தில் இருந்தது. கை மனிதனிடமும் தடுக்கும் முடிவு கருவியிடமும் இருந்த அந்தப் பாலம், ‘கையிலிருந்து மின்சாரம், மின்சாரத்திலிருந்து தொலைக் கட்டுப்பாடு’ என்ற நேர்கோட்டுக் கதைக்கு அடங்காது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி மின்விசையால் செங்குத்தாக உயர்கிறது.

தலைகீழாக்கம்தான் தொலை இயக்கத்தின் வேர் என்ற வாதத்துக்கு வலுவான சான்று, அது முறிந்த இடத்திலிருந்து கிடைக்கிறது. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் நியூ ஆற்றின் மேல் உள்ள ஃபுளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாலமும் திறந்தே கிடந்து ரயிலுக்காக மூடும் வகையைச் சேர்ந்தது. 2018-இல் பிரைட்லைன் பயணிகள் ரயில்கள் அத்தடத்தில் ஓடத் தொடங்கியபின், பாலம் மூடும் நேரம் மிகுந்தது. உல்லாசப் படகுகள் நிறைந்த அந்த ஆற்றில் காத்திருப்பு தீராத வழக்கானது. கருவிகளில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. திறந்திருப்பது இயல்பு, மூடுவது விலக்கு என்ற கணக்குத்தான் கெட்டது. அந்தப் பாலத்துக்கென எழுதப்பட்ட விதி, எந்த இரண்டு மணி நேரத்திலும் குறைந்தது 60 நிமிடம் படகுகளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. மூடுவதற்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டும் கடிகாரம் படகுகளின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், திறந்து மூடிய நேரங்கள் பதிவேட்டில் ஏற வேண்டும் என்கிறது. அவற்றோடு, பாலத்தில் எந்நேரமும் காவலர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடுபட்ட ‘காத்து நிற்பவர்’, நியூ ஆற்றின் விதியில் மறுபடி இடம்பெற்றிருக்கிறார்.