"பைதுல் முகத்தஸ் இருக்கும்போது நமக்கென்ன பயம்?"



ஸூரா பனீ இஸ்ராஈலின் ஆரம்ப வசனங்களை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். இஸ்ரவேலர்கள் பூமியில் இருமுறை குழப்பம் செய்ததையும் இருமுறை தண்டிக்கப்பட்டதையும் அவை சொல்கின்றன. அதில் ஒன்று பாபிலோனிய மன்னன் புக்துநஸ்ஸரின் படையெடுப்பு என்பது முபஸ்ஸிர்கள் பலரின் கருத்து.

அந்த அழிவு வருமுன் சுமார் 40 வருடங்கள் அம்மக்களை எச்சரித்தவர் இர்மியா (அலை). அல்குர்ஆனில் அவர் பெயர் இல்லை. ஆனால் இமாம் இப்னு கஸீர் நபிமார் வரலாற்றில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். யூத, கிறிஸ்தவ வேதங்களில் எரேமியா என்ற பெயரில் ஒரு நூலே உண்டு. கீழே நாம் சொல்லும் சம்பவங்கள் அதில் உள்ளவை.

அவர் ஜெரூஸலத்துக்குப் பக்கத்திலுள்ள அனாதோத் என்ற சிற்றூரில், மதகுருமார் குடும்பத்தில் பிறந்தவர். கி.மு. 609 அளவில் ஒருநாள் ஆலய வாசலில் நின்று பேசினார். இறைவனின் வீடு நம்மிடம் இருக்கிறது, எந்த எதிரியும் நம்மைத் தொடமுடியாது என்று மக்கள் நம்பியிருந்த காலம் அது. சிலைகளை வணங்கிக்கொண்டு, அநாதைகளையும் விதவைகளையும் வெளியூராரையும் நசுக்கிக்கொண்டு இங்கே வந்து நின்றால் இந்தக் கட்டடம் உங்களைக் காப்பாற்றாது என்றார் அவர். முன்பு ஷீலோவில் இருந்த வணக்கத்தலம் என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார். அவரைக் கொல்லவேண்டும் என்று முதலில் கத்தியவர்கள் மதகுருமார்தான்.

இந்த வரலாற்றை வகுப்பில் சொல்லும்போது ஓரிடத்தில் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். பாபிலோனியர் நகரை முற்றுகையிட்டதும் மன்னன் சிதேக்கியாவும் பிரபுக்களும் பயந்து, தங்கள் அடிமைகளை விடுதலை செய்வதாக உடன்படிக்கை செய்தார்கள், விடுதலையும் செய்தார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேட்டு முற்றுகை தற்காலிகமாக விலகியது. உடனே, விடுவித்த அதே மனிதர்களைப் பிடித்துவந்து மீண்டும் அடிமைகளாக்கிக்கொண்டார்கள்.

அதையும் கண்டித்த இர்மியாவைப் பின்னர் சேறு நிறைந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்கள். அவருக்காக மன்னனிடம் போய்ப் பேசியது சொந்த இனத்தார் அல்ல. அரண்மனையில் வேலைசெய்த ஒரு கறுப்பின மனிதர். கயிறு உரசி அக்குளில் காயம்படாதிருக்கப் பழந்துணிகளையும் கொடுத்து அவரை மேலே தூக்கினார்.

கி.மு. 586 அளவில் நகரம் வீழ்ந்தது. அவர்கள் நம்பியிருந்த அந்த ஆலயமும் எரிந்தது.

நாமும் அழகழகாகப் பள்ளிவாசல்கள் கட்டுகிறோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பள்ளியின் முதல் ஸஃப்பில் நிற்கும் நம்மிடம் ஓர் அநாதையின் சொத்தும், ஒரு கூலியாளின் சம்பளமும், ஒரு சகோதரியின் வாரிசுப் பங்கும் சிக்கியிருக்கவில்லையா? சோதனை வந்தபோது தௌபாச் செய்து, சோதனை நீங்கியதும் பழையபடி திரும்பியவர்கள் அவர்கள் மட்டும்தானா?

இன்று இஷாவுக்குப் பின் நாம் ஒவ்வொருவரும் நம் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுவோம்.