பிறக்காத கன்றுகளின் வரலாறு

"மாடு கத்துது, டொக்டருக்கு ஒருக்கா அடிச்சுச் சொல்லு." மாடு வளர்க்கிற வீடுகளில் பிறந்த எங்கள் எல்லோருக்கும் பழகின குரல் இது. டொக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். மூன்று கிழமையில் மாடு திரும்பவும் கத்தினால், "இந்தமுறை சினை நிக்கேல்ல" என்று அம்மம்மா சொல்லுவா. அதோடு கதை முடிஞ்சுது. இதே வசனத்தை ஒரு நாட்டின் பண்ணைக்காரர்கள் பல்லாயிரம் தடவை சொன்னார்கள். அதற்குப் பின்னால் ஒரே ஒரு நாம்பன் நின்றது நெடுங்காலம் ஒருவருக்கும் தெரியாது.

முந்தி எவ்வளவு நல்ல நாம்பனாக இருந்தாலும் அதன் வம்சம் சுற்றியிருக்கிற ஊர்களைத் தாண்டாது. 1949 இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் அவரோடு வேலை செய்தவர்களும், கிளிசரோல் சேர்த்தால் உறையவைத்த விந்தணுவும் உயிர் தப்பும் என்று கண்டுபிடித்தார்கள். கோழியில் தொடங்கியது விரைவில் மாட்டுக்கும் வந்தது. திரவ நைதரசனில் வைத்தால் நாம்பன் செத்த பிறகும் கன்றுகள் பிறக்கலாம். தூரமும் காலமும் தடையில்லாமல் போயின.

1962 இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் போனி பாம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் நாம்பன் பிறந்தது. நாம்பன் பால் தராது. அதன் மகள்கள் தருகிற பாலை வைத்துத்தான் அதற்கு மதிப்பு. சீஃபின் மகள்கள் பாலைக் கொட்டின. எல்லாரும் அதையே கேட்டார்கள். மகள்கள் சுமார் 16,000, பேத்திகள் 5 இலட்சம், பூட்டிகள் 20 இலட்சத்துக்கு மேல்.

ஆனால் சீஃபின் ஒரு மரபணுவில் பிழை இருந்தது. ஒரு பக்கத்தால் மட்டும் வந்தால் மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. தாய், தகப்பன் இரண்டு பக்கத்தாலும் வந்தால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். சீஃபின் வம்சம் எங்கும் பரவியதால் அதன் பேரர்களும் பேத்திகளுமே தங்களுக்குள் சேர்ந்தன. பிழை இரண்டு பக்கத்தாலும் வரத் தொடங்கியது.

2011 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுத் தரவுகளைப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். அந்தப் பகுதியை இரண்டு பக்கத்தாலும் பெற்ற மாடு ஒன்றுகூட உயிரோடு இல்லை. கணக்குப்படி இருந்திருக்க வேண்டும். இருக்கிறதை வைத்தல்ல, இல்லாததை வைத்துத்தான் பிழையைப் பிடித்தார்கள். 35 ஆண்டுகளில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட கருக்கள் அழிந்தன, நட்டம் 42 கோடி டொலர் என்று பிறகு மதிப்பிட்டார்கள். அதே சீஃபால் கூடிய பாலின் பெறுமதி 3,000 கோடி டொலர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே சீஃபை வில்லன் ஆக்க ஏலாது.

எங்களுக்கு உறுத்துவது வேறு. பால் லீற்றர் கணக்கில் பதியப்பட்டது. சினை நிற்காதது ஒவ்வொரு பட்டியிலும் தனித்தனித் துரதிர்ஷ்டமாகவே போனது. அவற்றை ஒன்றாக அடுக்கிப் பார்க்க அவ்வளவு காலம் எடுத்தது. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது பழக்கமான விஷயம்தான்: அளந்தது ஆவணமாகும், அளக்காதது விதி எண்டு போயிடும்.

சினை நிற்காததுக்குத் தீன், நேரம், நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அடுத்தமுறை டொக்டர் வரும்போது அந்தச் சின்னக் குழாயில் இருக்கிற நாம்பனின் இலக்கத்தைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. சினை நிண்டுதோ இல்லையோ, அதையும் பக்கத்தில எழுதுங்கோ.