பயிர்க்காவல் துப்பாக்கி பிறந்த கதை

மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கிற நாட்களில் சங்கரன்கோவில் பக்கத்துப் பனவடலிசத்திரத்தைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. பழைய சேலைகளைக் கிழித்து வரப்பைச் சுற்றிக் கட்டிப் பார்க்கிறார்கள். சலூனில் முடி வாங்கி வந்து தூவுகிறார்கள். தகரத்தைத் தட்டுகிறார்கள், பட்டாசு கொளுத்திப் போடுகிறார்கள். காட்டுப்பன்றிக் கூட்டம் இரண்டு மூன்று நாள் ஒதுங்கி நிற்கும். பிறகு அதற்கும் பழகிவிடும். தின்பதைவிட மிதித்து ஒடித்துப் போடுவதுதான் அதிகம். விடிந்து போய்ப் பார்த்தால் கடன் வாங்கிப் போட்ட விதையும் உரமும் தரையோடு தரையாகக் கிடக்கும். அந்த ஆத்திரத்தில் பிறக்கிற கேள்விதான், "ஒரு துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைக்குமா?"

கிடைக்கும் என்றுதான் சட்டப் புத்தகம் சொல்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பயிரைக் காக்க உண்மையாகவே தேவைப்படும் குடிமகனுக்கு உரிமம் வழங்கவேண்டும் என்கிறது. ஆனால் எந்தத் துப்பாக்கிக்கு என்பதையும் அதே பிரிவு முடிவு செய்துவிடுகிறது: குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தோன்றினால் மட்டும், உட்புறம் வழுவழுப்பான, 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வேறு துப்பாக்கிக்கு அவர் அனுமதி தரலாம். உலகம் தோட்டாவுக்கு மாறி நூறாண்டு கழித்து எழுதிய சட்டம் உழவனுக்கு ஏன் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தது? அதைத் தெரிந்துகொள்ள இந்த மண்ணின் கதைக்குள்தான் போகவேண்டும்.

சங்கரன்கோவில் வட்டாரம் துப்பாக்கிக்குப் புதிய ஊரல்ல. 1755-இல் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் படையோடு வந்து பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டுப் பாளையப் போர்களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பீரங்கி இருந்தது. பாளையத்தாரிடம் வேலும் வல்லயமும் திரித் துப்பாக்கியும் இருந்தன. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது. அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியின் ஊமைத்துரை. எல்லாம் முடிந்த கையோடு, டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிக்கை வெளியிட்டார். கம்பெனி அனுமதித்தவை தவிர தென்பாளையங்களில் எந்த ஆயுதமும் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டன.

திருநெல்வேலிச் சீமையில் காவல் என்பது ஒரு முறையாகவே இருந்தது. ஊர்க்காவல்காரர் வயலுக்கும் களத்துக்கும் மாட்டுக்கும் பொறுப்பு. விளைச்சலில் அவருக்குப் பங்கு உண்டு. களவு போனால் ஈடு கட்டவேண்டிய கடமையும் உண்டு. பாளையத்தார் வாங்கிவந்த தேசகாவல் வரியைக் கம்பெனி தன் பக்கம் எடுத்துக்கொண்டது. காவலுக்கான பணம் போன இடத்துக்குக் காவல் பொறுப்பு போகவில்லை. பயிரைக் காக்கும் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொண்ட அரசு, பயிருக்குப் பொறுப்பேற்காத கதை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு.

ஊரில் ஆயுதம் அடங்கிக் கிடந்த அதே காலத்தில் வெளியுலகில் துப்பாக்கி ஆளே மாறிப்போனது. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்றொரு பாதிரியார் இருந்தார். காட்டு வாத்து சுடுவதில் அவருக்குப் பிரியம். அன்றைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் கிண்ணத்து மருந்தில் முதலில் ஒரு வெளிச்சம் அடிக்கும். குண்டு கிளம்ப ஒரு நொடியில் சிறு பங்கு தாமதமாகும். அதற்குள் பறவை பறந்துவிடும். தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு அந்தத் தாமதத்தைப் போக்கி 1807-இல் அவர் காப்புரிமை பெற்றார். நம்மூர் நாட்டுத் துப்பாக்கியின் முலைமேல் செருகும் செப்புக் கேப் அந்தப் பாதிரியாரின் யோசனையிலிருந்து வந்ததுதான். 1830-களில் பாரிசின் காசிமிர் லெஃபோஷே மருந்தையும் ஈயத்தையும் பற்றவைப்பானையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, குழலை மடக்கிப் பின்புறமாகச் செருகும் முறையைக் கொண்டுவந்தார். அதன் வழிவந்ததுதான் இன்றைய தோட்டா.

பன்னிரண்டு போர் என்று நம்மவர்கள் சொல்வதற்கும் அந்தப் பழங்காலத்துக் கணக்குதான் அடிப்படை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமாக 12 உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை கச்சிதமாக நுழைகிற குழல் 12 போர். விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். தோட்டாவுக்குள் என்ன போடுவது என்பது இரண்டாவது கணக்கு. காடைக்கும் கௌதாரிக்கும் கடுகு போன்ற சிறு ரவைகள், நூற்றுக்கணக்கில். பன்றிக்கு எல்.ஜி. என்ற பெருங்குண்டுகள், ஒரு தோட்டாவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பறவை ரவையால் பன்றியைச் சுட்டவன் அதைக் கொல்வதில்லை. தோலுக்குள் ஈயத்தைப் புதைத்து, வெறியேற்றி, மறுநாள் களையெடுக்க வருகிற பெண்களின் பாதைக்கு அனுப்பிவைக்கிறான். எதைச் சுடப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற குண்டை எடுப்பதுதான் வேட்டையில் முதல் பாடம். அந்த உயிருக்குச் செய்கிற குறைந்தபட்ச மரியாதையும் அதுவே.

அமெரிக்காவில் கயோட்டி சுடப் புதிதாகக் கிளம்புகிறவர் இந்தப் பாடத்தைக் கடையிலேயே படித்துவிடுகிறார். கயோட்டி நம் குள்ளநரிக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆட்டுக்குட்டியைத் தூக்கும். திறந்தவெளியில் தூரத்திலிருந்து சுடுவதற்கு .223 ரெமிங்டன், புதருக்குள் கிட்டத்தில் சுடுவதற்கு 12 போர் என்று தொடங்குவார்கள். அந்த .223, ராணுவங்கள் பயன்படுத்தும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இரட்டைப் பிறவி போன்றது. படைக்குரிய அளவுகள் சாதாரணக் குடிமக்களுக்கு இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. படையின் .303 கூடாது என்பதால்தான் இங்கே .315 ரைஃபிள் வேட்டைக்காரர்களிடம் பரவியது. அங்கே மிருகத்தைப் பார்த்துத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே, மனிதனைப் பார்த்துத் துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்பட்டது.

அந்த மனிதன்மீதான பயம் 1857 கிளர்ச்சிக்குப் பிறகு நாடு முழுவதற்குமானது. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. நம்மவர்களில் விலக்குப் பெற்றவர்கள் சிலரே. குடகர்கள் அவர்களில் ஒரு பிரிவினர், அந்தச் சலுகை 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, பத்ருதீன் தயாப்ஜி தலைமையில், இந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் போட்டது. 1930 ஜனவரியில் காந்தி முன்வைத்த பதினோரு கோரிக்கைகளைப் பலரும் உப்புவரிக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கவேண்டும் என்பதும் அந்தப் பதினொன்றில் ஒன்று. அகிம்சையைப் போதித்தவர்தான் அதைக் கேட்டார். 1931 கராச்சி மாநாடு, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்தது.

அப்படிக் கேட்டவர்கள் ஆட்சிக்கு வந்து எழுதியதுதான் 1959 சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிர்க்காவல் துப்பாக்கி சட்டத்தின் பிள்ளையாகப் பிறந்தது இதில்தான். வழங்கலாம் என்று இல்லாமல் வழங்கவேண்டும் என்று எழுதியது பெரிய மனது. மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்று எழுதியது பழைய பயம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

அந்தத் துப்பாக்கியைக் கெட்டிப்பதைப் பார்த்தால் பயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று விளங்கும். கட்டையைத் தரையில் ஊன்றி, குழலை நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். கருமருந்தை அளந்து வாய்வழியே கொட்டவேண்டும். தேங்காய் நாரைத் திணித்துக் கம்பியால் இடிக்கவேண்டும். ஈயத்தைப் போட்டு, உருண்டு வெளியே வந்துவிடாமல் மறுபடி நார். பிறகு குதிரையைத் தூக்கி, முலைமேல் கேப்பைச் செருகவேண்டும். இத்தனைக்கும் கிடைப்பது ஒரே ஒரு வெடி. வெடித்ததும் எழும் வெள்ளைப் புகையில் எதிரே நிற்பது எதுவும் தெரியாது. மழை நாளில் மருந்து நமுத்துப்போனால் அந்த ஒன்றும் இல்லை. இதைக் கொண்டு கலகம் செய்ய முடியாது. சட்டம் இதைத் தேர்ந்தெடுக்க அதுவே காரணம் என்று நினைக்கிறேன். பன்றியை நின்ற இடத்தில் விழ வைக்குமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தத் துப்பாக்கியைத் திறமையாகக் கையாளத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்தார்கள். நரிக்குறவர்கள் ஊர் ஊராக வந்து தங்கும்போது, விவசாயிகளே கூப்பிட்டு நரியையும் முயலையும் விரட்டச் சொன்ன காலம் உண்டு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நரி எலியைத் தின்று கரிசல் உழவனுக்குச் செய்கிற உதவி சிறியதல்ல. அது முற்றாகப் பாதுகாக்கப்படுவது சரி. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த ஒரு திறமை ஒரே கையெழுத்தில் குற்றமானபோது அந்தச் சனங்களுக்கு மாற்றாக ஒன்றும் தரவில்லை. அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர 2023 வரை காத்திருக்கவேண்டி வந்தது.

ஆக, இன்றைக்கு நிலைமை என்ன? பயிர்க்காவல் உரிமம் ஏட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பன்றியைச் சுட்டால் 1972 சட்டம் பாயும். வெற்று வெடி வெடித்து விரட்டலாம், அவ்வளவுதான். அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவிலேயே ஒரு வாசல் உண்டு: நிற்கும் பயிருக்கு ஆபத்தான விலங்கை, முதல் அட்டவணையில் இல்லாததாக இருந்தால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதியோடு சுடலாம். கேரளம் 2022-இல் அந்த வாசலை அகலத் திறந்தது. அங்கே ஊராட்சித் தலைவரே உத்தரவிடலாம். உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் வந்து சுடுவார். மாநில எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டினால் அந்த நடைமுறை. தமிழ்நாடு 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் வேறொரு ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். மலையடிவாரத்தைவிட்டு வெகுதூரம் தள்ளியிருக்கிற மானாவாரி ஊர்களுக்கு இந்த மூன்றாவது வகைதான் முக்கியம்.

வனத்துறை வந்து சேர்வதற்கும் பன்றி வந்து போவதற்கும் நடுவில் இருக்கிற இரவுகளில்தான் வேறு வேலைகள் நடக்கின்றன. சிலர் மின்கம்பியை நேரடியாக வேலிக்கு இழுக்கிறார்கள். வெள்ளாமைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன சொந்த அண்ணன் தம்பியே அதில் செத்துக் கிடந்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. வேறு சிலர் தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அதைக் கடித்த யானை வாய் கிழிந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள்கணக்கில் அலைந்து சாகிறது. துப்பாக்கிக்குப் பயந்து எழுதிய சட்டம், அதைவிடக் கொடூரமான இவற்றை இருட்டில் வளரவிட்டிருக்கிறது.

வீட்டுக்கொரு துப்பாக்கி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சாதிச் சண்டையில் அரிவாள் எடுக்கிற ஊர்களில் அது ஆகாது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் இரண்டு மூன்று பேரை வனத்துறை தேர்ந்தெடுக்கட்டும். குறி பார்க்கவும், குண்டு அறியவும், குட்டியோடு நிற்கும் தாயை விட்டுவிடவும் பழக்கட்டும். தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது; அதுபோல அறுவடை முடிந்ததும் இவற்றையும் ஒப்படைக்கச் சொல்லலாம். அவர்கள் கையில் இருப்பது உடனே சாய்க்கிற 12 போராக இருக்கட்டும். ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது. மனு கொடுக்கிறவர்கள் அந்த விதிவிலக்கை எண்ணோடு எடுத்து எழுதிக் கேட்கவேண்டும்: 13(3), உட்பிரிவு அ-வின் விதிவிலக்கு. புரட்டாசியில் விதை போடுவதற்கு முன்பே மனு மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடவேண்டும்.