படப்பெட்டியோட ஊர் ஊராப் போனவர்

கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு வெளியில சொல்ல எங்க பக்கம் ரொம்ப யோசிப்பாங்க. சொன்னா, காய் எடுக்க வர்ற வியாபாரி அடுத்த ஊருக்குப் போயிடுவான். பொண்ணு கேட்டு வர்றவங்களும் "அந்த ஊரா?"ன்னு தயங்குவாங்க. கெடுத்தவன் ஒருத்தன், மறைக்கிறது நாம. "ஏன் நீங்கல்லாம் சேர்ந்து கேட்கலை?"ன்னு பட்டணத்துச் சொந்தங்க கேட்கறப்ப எனக்கு ஜப்பானில் இருக்கிற மினமாட்டாதான் ஞாபகம் வரும்.

மினமாட்டா, கியூஷு தீவில் ஷிரானுய் கடலோரம் இருக்கிற ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற கம்பெனி 1932-லிருந்து அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனம் தயாரித்தது. அதுக்குப் பாதரசம் பயன்படுத்தினாங்க. கழிவு கடலுக்குப் போச்சு; விஷம் மீனுக்குள்ள ஏறி, மீன் வழியா சோத்துத் தட்டுக்கு வந்தது. 1950-களில் பூனைங்க கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்திச் சுத்தி விழுந்து செத்தன. அப்புறம் மனுசங்களுக்கு. கை கால் இழுத்துக்கிச்சு, பார்வை சுருங்குச்சு, பேச்சு குழறுச்சு. தாய் தின்ன மீனால வயித்துல இருந்த பிள்ளையும் பாதிக்கப்பட்டது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1 அன்று.

1959-ல் குமாமோட்டோ பல்கலைக்கழகத்தார் பாதரசத்தைக் கைகாட்டினாங்க. கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் ஹோசோகாவா, ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே நோய் வந்தது. கம்பெனி அதை வெளியே விடலை. அந்த வருசக் கடைசியில் நோயாளிகளுக்கு "அனுதாபப் பணம்" கொடுத்து, பின்னாடி ஆலைதான் காரணம்னு தெரிஞ்சாலும் மேற்கொண்டு கேட்க மாட்டோம்னு கையெழுத்து வாங்கினாங்க. அரசாங்கம் உண்மையை ஒத்துக்கிட்டது 1968 செப்டம்பரில்தான்.

இடையில ஊர் ஏன் வாய் திறக்கலை? ஊருக்கே அந்த ஆலைதான் பிழைப்பு. மீனவங்களுக்கு, நோய்னு சொன்னா மீன் விக்காது. ஒட்டிக்குமோன்னு பயந்து நோயாளி வீட்டை ஒதுக்கினாங்க. எங்க கிணத்துக் கதைதான், கடல் அளவுக்கு.

1965-ல் நோரியாக்கி சுச்சிமோட்டோ என்ற ஆவணப்பட இயக்குநர் டிவிக்காகப் படம் எடுக்க அங்கே போனார். கேட்காமல் படம் பிடிச்சதுக்கு, நோயுற்ற ஒரு பிள்ளையோட தாய் அவரை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. மனுசன் ஆடிப்போயிட்டார். ஆனா 1970-ல் திரும்பி வந்தார். வழக்குப் போட்டிருந்த 29 குடும்பங்களோட பழகி, மினமாட்டா நோயாளிகளையும் அவங்க உலகத்தையும் பத்தின படத்தை 1971-ல் வெளியிட்டார். அதுல நோய் மட்டும் இல்லை. ஒரு பெரியவர் கடல்ல இறங்கி ஆக்டோபஸ் பிடிக்கிறதும் இருக்கு. ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கிட்டு, ஒசாகாவில் நடந்த கம்பெனிக் கூட்டத்துக்கு யாத்திரைக்காரங்க உடையில போய், தலைவரையே முகத்துக்கு நேரா கேட்டதும் இருக்கு. பாவப்பட்டவங்களா மட்டும் காட்டியிருந்தா அது பிச்சைக்குத்தான் உதவியிருக்கும்.

1973 மார்ச் 20-ல் வழக்கு ஜெயிச்சது. படத்தாலதான் ஜெயிச்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். வழக்கு நடத்தினவங்க, டோக்கியோவில் கம்பெனித் தலைமை அலுவலகத்துல மாசக்கணக்கா உட்கார்ந்தவங்க, எல்லாரோட உழைப்பும் அதுல இருக்கு. படம் வெளியூர்க்காரங்களுக்குச் சேதி கொண்டுபோச்சு.

ஆனா எனக்குப் பெரிசாத் தெரியறது அதுக்கு அப்புறம் நடந்ததுதான். ஷிரானுய் கடல் மினமாட்டாவோட முடிஞ்சுடலை. எதிர்க்கரை, தீவுன்னு அதே மீனைத் தின்ன ஊருங்க நிறைய. கை மரத்துப்போனாலும் வயசு ஆயிடுச்சுன்னோ வேற வியாதின்னோ நினைச்சவங்க உண்டு. தெரிஞ்சே மறைச்சவங்களும் உண்டு. சுச்சிமோட்டோ இந்த நோயை மருத்துவ ரீதியா விளக்குற படங்களையும் எடுத்திருந்தார். 1977-ல் படப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு அந்தக் கடலோரம் முழுக்க ஊர் ஊராப் போய்ப் போட்டுக் காட்டினார். பரிசு வாங்கித் தர்ற ஊரு இல்லை. ஆனா தன்னைப் போலவே கை நடுங்குறவரைத் திரையில பார்க்கிறப்ப, 'இது என் வீட்டு அவமானம் இல்லை, யாரோ நமக்குச் செஞ்சது'ன்னு புரியுமில்லையா? அந்த ஒரு நினைப்பு வராம, எந்த ஊர்லயும் நாலு பேர் ஒண்ணா மனு எழுதப் போறதில்லை.

எங்க பக்கமும் கேமரா வந்துச்சு. வரப்புல நிக்க வெச்சாங்க, கிணத்தை எட்டிப் பார்க்கச் சொன்னாங்க. படம் நல்லா வந்திருக்குன்னு போன்ல சொன்னாங்க. நாங்க யாரும் இன்னும் பார்க்கலை. அவங்க மேல கோபம் இல்லை, எடுத்ததே பெரிசு. இதைப் படிக்கிறவங்கள்ல கேமரா பிடிக்கிற பிள்ளைங்க இருந்தா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். படம் முடிஞ்சதும் முதல்ல அந்த ஊருக்கே கொண்டாந்து போடுங்க. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவர் வெள்ளையடிச்சுதான் இருக்கு, திரைகூட வேண்டாம்.