கம்பிக்கு அடியில் கிடக்கும் நிலம்

இந்தியாவில் உயர்மின் பாதைக்கு இடம்விட்ட உழவருக்கு எவ்வளவு தருவது என்ற வழக்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் வேர்விட்டது. அதன் 10ஆம் பிரிவு தனியார் நிலத்தில் கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும். அரசுக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும். சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும்; தொகை போதாதென்றால் 16ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். வரப்போரம் நிற்கும் தந்திக் கம்பத்துக்கு இது போதுமானதாகவே இருந்தது. கம்பத்தைச் சுற்றி உழுதுகொள்ளலாம்.

1910ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் இந்த அதிகாரத்தை மின்கம்பிக்கும் வழங்க வழிசெய்தது. 1948ஆம் ஆண்டின் சட்டம் அதை மாநில மின்வாரியங்களிடம் சேர்த்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்திலும் 164ஆம் பிரிவாக அது தொடர்ந்தது. அதிகாரத்தோடு பழைய இழப்பீட்டு முறையும் வந்தது. அநீதி நுழைந்த இடம் இதுவே.

மின்கோபுரம் தந்திக் கம்பமல்ல. 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர் அகலம் என்பது வழக்கமான கணக்கு. அது ஒரு தோட்டத்தை 100 மீட்டர் நீளத்துக்குக் கடந்தாலே ஒரு ஏக்கருக்கு மேல் கம்பிக்கு அடியில் போய்விடுகிறது. அங்கே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. நிலத்தை விற்கப் போனால் விலை படியாது. வெட்டிய மரத்துக்கும் அழிந்த பயிருக்கும் ஒருமுறை பணம் கொடுத்து முடிக்கும் முறையில், உரியவருக்குக் காலமெல்லாம் நீடிக்கும் இந்த நட்டத்துக்குப் பெரும்பாலும் இடமே இருக்கவில்லை.

2007இல் கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நட்டத்தைக் கணக்கிடும் விதத்தைத் தெளிவாக்கியது. நிலம் எங்கே இருக்கிறது, கம்பி ஓரமாகப் போகிறதா நடுவே போகிறதா, எவ்வளவு பரப்பு சிக்குகிறது என்பதையெல்லாம் ஆராய்ந்தே நிலமதிப்பின் சரிவை முடிவுசெய்ய வேண்டும் என்றது. எல்லா நிலத்துக்கும் ஒரே சூத்திரம் செல்லாது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் பலனைப் பெற ஒவ்வொரு உழவரும் தனித்தனியே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

2015 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: கோபுரத்தின் நான்கு கால்களுக்கு இடைப்பட்ட நிலத்துக்கு மதிப்பில் 85 விழுக்காடு; கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு. ஏற்பதும் விடுவதும் மாநிலங்களின் முடிவு. மேலும், கணக்குக்கு அடிப்படையாகக் கொண்ட அரசின் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிடப் பல இடங்களில் வெகுவாகக் குறைவாக இருந்தது. 2018 டிசம்பரில் தமிழ்நாட்டின் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட மேற்கு மாவட்டங்களில் உழவர்கள் போராட்டத்தில் இறங்கினர். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் பாதையும் அப்போதைய எதிர்ப்புக்கு உள்ளானது. சாலையோரம் புதைவடமாகக் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் வாடகை கொடுங்கள் என்றார்கள்.

2024 ஜூனில் வந்த புதிய நெறிகள் கோபுர அடிநிலத்துக்கு மதிப்பில் 200 விழுக்காடும், பாதைக்கு 30 விழுக்காடும் என உயர்த்தின. பயிர், மரச் சேதத் தொகை இதற்கு மேல் தனி. நகர்ப்புற நிலத்துக்குப் பாதை விகிதம் 2025இல் மேலும் கூடியது. ஆண்டுதோறும் வாடகை என்ற கோரிக்கை மட்டும் இந்த நெறிகளில் இடம்பெறவில்லை. எத்தனை விழுக்காடானாலும் அது ஒரே முறை தரும் தொகைதான்.