லக்ரோஸில் கோல் விழுவது எப்படி? 'டாட்ஜ்' முதல் '1-4-1' வரை... எளிய விளக்கம்!

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைப் போலவே லக்ரோஸும் களமிறங்குகிறது. இரண்டுக்கும் ஒப்புதல் கிடைத்தது 2023 அக்டோபரில், மும்பையில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்தில்தான். வலை கட்டிய ஸ்டிக்கில் பந்தை ஏந்தி ஓடும் இந்த விளையாட்டு, வட அமெரிக்கப் பூர்வகுடிகள் தந்தது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு, 'ஏன் கோலைச் சுத்திச் சுத்தி ஓடுறாங்க?' என்றுதான் தோன்றும். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

டாட்ஜ் என்றால் என்ன?

தன்னை மறிக்கும் வீரருக்குப் போக்கு காட்டித் தாண்டுவதுதான் டாட்ஜ்.

• ஸ்பிளிட் டாட்ஜ்: ஒரு பக்கம் போவதுபோல் காட்டி, ஸ்டிக்கைக் கை மாற்றி மறுபக்கம் பாய்வது.
• ரோல் டாட்ஜ்: எதிராளிக்கு முதுகைக் காட்டி, பந்தை மறைத்தபடி சுழல்வது.
• ஃபேஸ் டாட்ஜ்: ஷாட் அடிப்பதுபோல் பாவனை செய்து, ஸ்டிக்கை முகத்துக்குக் குறுக்கே இழுத்து நழுவுவது.

தாண்டியவரே கோல் அடிக்க வேண்டுமா?

அவசியமில்லை. ஒருவர் தாண்டிவிட்டால், பக்கத்தில் இருக்கும் தடுப்பு வீரர் தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்கு ஓடி வருவார். இதன் பெயர் 'ஸ்லைடு'. அந்த நொடியில் தாக்கும் அணியில் ஒருவர் மறிக்க ஆளில்லாமல் நிற்பார். பந்து அவர் கைக்குப் போனால் கோல் வாய்ப்பு. ஆக, டாட்ஜ் என்பது பல நேரம் வெறும் தூண்டில்தான்!

1-4-1, 2-2-2... இந்த எண்கள் எதற்கு?

அணிக்கு 10 பேர் ஆடும் ஃபீல்ட் லக்ரோஸில், வழக்கமாக 6 பேர் தாக்குவார்கள். கோலுக்குப் பின்னாலும் ஆடலாம். அந்த இடத்துக்கு 'எக்ஸ்' என்று பெயர். நடுக்களப் பக்கத்திலிருந்து எக்ஸ் வரை எத்தனை பேர் என்பதையே எண்கள் சொல்கின்றன.

• 1-4-1: மேலே ஒருவர், நடுவில் நால்வர், எக்ஸில் ஒருவர். மேலே இருப்பவருக்கு டாட்ஜ் செய்ய இருபுறமும் தாராளமான இடம்.
• 2-2-2: மேலே, கோல் முன், கோலுக்குப் பின் என இருவர் இருவராக. பின்னாலிருந்து தாக்கினால் கோல் கீப்பர் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குள் பந்து முன்னால் போய்விடும்.
• ஓபன் செட்: 6 பேரும் வட்டமாக நிற்பார்கள். கோல் முன் காலி என்பதால், ஸ்லைடு வருபவர் தொலைவிலிருந்து ஓடி வரணும்.

ஒலிம்பிக்கில் என்ன மாறும்?

அங்கு ஆடப்போவது 'சிக்ஸஸ்' வகை. கோல் கீப்பரோடு சேர்த்தே அணிக்கு 6 பேர். 30 நொடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும். தடுக்க ஆள் குறைவு, நேரமும் குறைவு. அதனால் ஒரு நல்ல டாட்ஜுக்கு மதிப்பு இன்னும் கூடும்.

மேட்ச் பார்க்கும்போது பந்து வைத்திருப்பவரை மட்டும் பார்க்காதீங்க. உதவிக்கு ஓடி வருபவர் யாரை விட்டுவிட்டு வருகிறார் என்று பாருங்க. கோல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்!